எடை எந்த வழியாக வெளியே போகிறது? தராசையும் நானோ ரோபோவையும் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

ஞாயிறு மதியம் ஆம்பூர் பிரியாணி, கூடவே கத்தரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் ஆற்காடு மக்கன் பேடா ஒன்று. திங்கள் காலை எடை மெஷினில் ஏறினால் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. ஒரே நாளில் இவ்வளவு கொழுப்பா என்று மனசு பதறும். கொஞ்சம் கணக்குப் போட்டால் பதற்றம் அடங்கிவிடும்.

உடம்பில் 1 கிலோ கொழுப்புத் திசு சேர வேண்டுமென்றால், செலவு போக சுமார் 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும். தாராளமாக வைத்த ஒரு பிளேட் பிரியாணிக்கு 1,000, பேடாவுக்கும் மற்றதற்கும் சேர்த்து 500 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளையும் இப்படியே சாப்பிட்டால்கூட 4,500. அன்றைய செலவு 2,000 போனால் மிச்சம் 2,500. அது முழுக்கக் கொழுப்பாக மாறினாலும் முந்நூறு சொச்சம் கிராம்தான். அப்படியானால் மீதி ஒரு கிலோவுக்கு மேல் எங்கிருந்து வந்தது?

முதலில், சாப்பிட்டதும் குடித்ததும் இன்னும் குடலுக்குள்ளேயே இருக்கிறது. அது வெறும் சுமை. இரண்டாவது, உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலின் லேபிளைப் பார்த்தால் 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய அதுதான். உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. வழக்கத்தைவிட 9 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போய்த் தங்கினால், அதைக் கரைத்துவைக்க 1 லிட்டர் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரியாணிக்குப் பின் வரும் தாகம் அதற்காகத்தான். சிறுநீரகம் அந்த உப்பை வெளியேற்ற ஓரிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். தண்ணீரும் அதோடு இறங்கிவிடும்.

மூன்றாவது, கிளைக்கோஜன். அரிசியிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடம்பு ஈரலில் சுமார் 100 கிராம், தசையில் சுமார் 400 கிராம் என்று கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். கிடங்கு நிரம்பியிருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் வித்தியாசம் 2 கிலோ வரை வரலாம். சோற்றை முழுசாக நிறுத்தும் டயட்டில் முதல் வாரமே 2 கிலோ இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்து மனசு உடைந்து டயட்டையே கைவிடுபவர்கள் நிறைய. உண்மையில் அவர்கள் தோற்கவே இல்லை.

வேலூரை வெயிலூர் என்று சொல்வதுண்டு. கத்திரி வெயிலில், தோல் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ ஒரு ஷிஃப்ட் நின்றவருக்கு 1 முதல் 2 கிலோ குறைந்திருக்கும். அது வியர்வை. ராத்திரி தண்ணீர், மோர் என்று குடித்ததும் திரும்பிவிடும். வியர்க்க வியர்க்க ரெயின்கோட் மாதிரி உடை போட்டுக்கொண்டு காலையில் நடப்பதால் குறைவதும் இதே தண்ணீர்தான். எங்கள் ஊர் வெயிலில் அது மயக்கத்துக்கும் வெப்பத்தாக்குக்கும் வழி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொழுப்பு மூச்சாகப் போகிறது

கொழுப்பு கரைந்தால் எங்கே போகும்? ‘வியர்வையாகப் போகும்’, ‘மலத்தோடு போகும்’, ‘சூடாக மாறிவிடும்’ என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மீர்மனும் பிரவுனும் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. எரிவதற்கு 29 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். செல் கொழுப்பை எரித்தால்தான் மூச்சில் வெளியேற்ற எதாவது இருக்கும். சும்மா மூச்சு வாங்கினால் தலைதான் சுற்றும்.

எடை சம்பந்தமாக யார் எதைச் சொன்னாலும், எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த எடை எந்த வழியாக வெளியே போகிறது? சிறுநீரா, வியர்வையா, மலமா, மூச்சா? இந்த நாலைத் தவிர வேறு வாசல் இல்லை. முதல் மூன்றும் மணிக்கணக்கில் வேலை செய்யும், ஆனால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் வெளியேற்றும். மூச்சு வாசல் வாரக்கணக்கில் வேலை செய்யும். கொழுப்புக்கு அதுதான் பிரதான வாசல். தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ. கோட்டை மைதானத்தில் ஒரு மணி நேரம் விறுவிறுவென நடந்தால் 200 முதல் 250 கலோரி செலவாகும். வெளியே வந்து ஒரு டீ, இரண்டு வடை சாப்பிட்டால் நடந்த கணக்கு சமமாகிவிடும். நடப்பது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் மிக நல்லது. எடையை மட்டும் அதன் தலையில் கட்டக் கூடாது.

சாப்பாட்டு வகையும் முக்கியம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை வார்டில் தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. 2019-ல் வெளியான முடிவு இது.

நோய் கதவைத் திறக்கும்போது

முயற்சி எதுவும் செய்யாமல் எடை மாறினால் அதை அலட்சியமாக விடக் கூடாது. 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, காரணமில்லாமல் இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோயில் நடப்பதைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். ஒரு நாளைக்கு 80 கிராம் ஒழுகினால் 320 கலோரி, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு, கழிப்பறையில் போகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி யூரின், அடங்காத தாகம், நல்ல பசி, ஆனாலும் ஆள் இளைக்கிறார் என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிடுங்கள். சிகிச்சை தொடங்கியதும், இன்சுலினில் குறிப்பாக, எடை கூடுவதும் இதனால்தான்: ஒழுகிக்கொண்டிருந்த வாசல் மூடிக்கொண்டது. ‘இன்சுலின் குண்டாக்கிவிட்டது’ என்று ஊசியை நிறுத்திவிடுபவர்கள் இதைப் புரிந்துகொண்டால் எவ்வளவோ ஆபத்து தவிரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இவற்றோடு எடை இறங்கினால் காசநோய்ச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கென்று மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வருகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். குறைவாகச் சுரந்தால் எடை கூடும்; ஆனால் அந்தக் கூடுதல் பொதுவாகச் சில கிலோதான், அதிலும் உப்பும் தண்ணீருமே அதிகம். 20 கிலோ கூடியதற்கு முழுப் பழியையும் தைராய்டின் மேல் போட முடியாது.

எதிர்த்திசையிலும் ஓர் அபாயம் உண்டு. இதயம் பலவீனமானவருக்கு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வழியே இல்லை, தண்ணீர் தேங்குகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம் இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சும் வாங்கினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு, சில வலிப்பு மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள்கூட எடையைக் கூட்டும். தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த டாக்டரிடமே மாற்று கேட்பதுதான் சரி.

கொல்கத்தாவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குபவர்கள் உட்பட, எடைக் குறைவுக்காக வேலூருக்கு வைத்தியம் பார்க்க வருபவர்களுக்கு ஒரு யோசனை. டாக்டர் முதலில் கேட்பது ‘எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ?’ என்பதைத்தான். தேதி போட்ட பழைய எடைச் சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். ஒன்றுமே இல்லையா? பெல்ட்டில் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வந்தது என்று சொன்னாலும் உதவும்.

வீட்டு மெஷினிலும் தவறு வரும். பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். கடினமான தரையில் வையுங்கள். சில டிஜிட்டல் மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்து, வித்தியாசம் சில நூறு கிராமுக்குள் இருந்தால் அதையே திரும்பக் காட்டும். நடுவில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஒருமுறை ஏறி, பிறகு பாட்டில் இல்லாமல் ஏறினால் உண்மை தெரியும். பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினால் சரியாக 5 கூடுகிறதா என்றும் சோதிக்கலாம். காலையில் கழிப்பறை போய்வந்த பின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏறி, ஏழு நாள் எண்களின் சராசரியை எடுங்கள். அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன் தண்ணீரால் ஒரு கிலோ வரை கூடுவது சகஜம் என்பதால், போன மாதம் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

சரி, நானோ ரோபோ?

‘ரத்தத்துக்குள் போய்க் கொழுப்பைத் தின்னும் குட்டி ரோபோ வந்துவிட்டதாமே’ என்று கேட்கிறார்கள். நானோமீட்டர் என்பது 1 மீட்டரை 100 கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன். ரத்தச் சிவப்பணு 8,000. மருத்துவ ஆராய்ச்சியில் நானோ அளவு என்பது பெரும்பாலும் 100-ஐ ஒட்டியது. சிவப்பணு ஒரு சின்ன தோசை என்றால் இந்த ரோபோ ஒரு கடுகு.

1959-ல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் ‘அறுவை டாக்டரையே விழுங்கிவிடலாம்’ என்ற யோசனையைச் சொன்னார். தன் நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் சொன்னது என்று அவரே குறிப்பிட்டார். யோசனை அழகானது. ஆனால் அந்த அளவுக்குச் சுருங்கினால் உலகமே வேறாகிவிடுகிறது. நம் கைக்குத் தண்ணீராக இருப்பது அதற்கு வெல்லப்பாகு. நாம் குளத்தில் ஒரு கை வீசினால் கொஞ்ச தூரம் சறுக்கிப் போவோம். அங்கே துடுப்பை நிறுத்திய அந்த நொடியே நின்றுவிடும். முன்னே தள்ளிய துடுப்பை அதே பாதையில் பின்னே இழுத்தால், கிடைத்த தூரம் அப்படியே போய்விடும். இதை 1977-ல் எட்வர்ட் பர்செல் தெளிவாக விளக்கினார். அதோடு தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி, மோட்டார், கேமரா எதையும் அந்த அளவில் பொருத்த முடியாது.

அதனால் விஞ்ஞானிகள் திருகாணியைப் பிடித்தார்கள். மரத்தில் திருகாணியைத் திருப்பத் திருப்ப உள்ளே போகிறதல்லவா, அதேபோல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழு, சிலிக்காவில் நுண்ணிய சுருள் செய்து, அதில் இரும்பு பூசி, வெளியிலிருந்து காந்தப் புலத்தைச் சுழற்றி நகர்த்துகிறது. எஞ்சின் உடம்புக்கு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் இவற்றைப் பல்லின் நுண்குழாய்களுக்குள் ஆழமாகச் செலுத்தி, அங்கேயே சூடாக்கி, வேர் சிகிச்சையில் தப்பிப் பதுங்கும் பாக்டீரியாவைக் கொல்ல முடியும் என்று காட்டினார்கள். பிடுங்கிய பற்களில் செய்த சோதனை அது.

இன்னொரு வகை, அந்த இடத்தில் கிடைப்பதையே எரிபொருளாக்குவது. 2024-ல் பார்சிலோனா குழு செய்த துகள்கள் சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிதைத்து, அந்த உந்துதலில் சிறுநீர்ப்பைக்குள் நகர்ந்தன. ஒரே டோஸில் எலிகளின் கட்டி 90 சதவீதம் சுருங்கியது. மூன்றாவது வகை டி.என்.ஏ-வைக் காகிதம்போல மடித்துச் செய்த பெட்டி. புற்றுச் செல்லின் அடையாளத்தைத் தொட்டதும் பூட்டு திறந்து உள்ளே இருக்கும் மருந்து வெளிப்படும். 2018-ல் எலிகளில் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களை இப்படி உறைய வைத்தார்கள். இவையெல்லாம் ஆய்வுக்கூடக் கட்டத்தில் உள்ளவை.

மனிதருக்கு நிஜமாகவே பயன்பாட்டில் உள்ளவை நானோ மருந்துகள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, எம்.ஆர்.என்.ஏ கொரோனா தடுப்பூசிகள் போன்றவை. இவை நீந்தா, தேடா. ரத்தம் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும். இவற்றை ரோபோ என்று அழைப்பது தாராள மனசு. ஈரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை வழியிலேயே பிடித்துவிடும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், ஊசியில் போட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம்தான்.

இப்போது கொழுப்புக்கு வருவோம். ஒரு கொழுப்புச் செல்லின் குறுக்களவு சுமார் 1,00,000 நானோமீட்டர். 100 நானோமீட்டர் ரோபோவைவிடக் கொள்ளளவில் 100 கோடி மடங்கு. சரி, கோடானுகோடி ரோபோக்களை அனுப்பி ஒரே நாளில் 1 கிலோ எரித்துவிட்டதாகவே வைப்போம். 7,700 கலோரி வெப்பம் எங்கே போகும்? 1 லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கலோரி வெளியேறும். ஆகவே 13 லிட்டர் வியர்வை வேண்டும். சொட்டி விழுந்தது கணக்கில் சேராது. காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும் வேலூர் மே மாதத்தில் வியர்வை ஒன்றுதான் வழி. அதையே ஒரு மணி நேரத்தில் எரித்தால்? 70 கிலோ உடம்பின் சூட்டை 1 டிகிரி ஏற்ற 58 கலோரி போதும். மேலே கணக்குப் போட வேண்டியதில்லை.

இது கற்பனைக் கணக்கு மட்டும் இல்லை, மனிதர்கள் பட்டது. 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தை இளைப்பதற்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். செல்லுக்குள் கொழுப்பு எரியும். அந்த ஆற்றல் வேலைக்குப் பயன்படாமல் வெறும் சூடாகும். எடை இறங்கியது உண்மை. காய்ச்சல் எல்லை மீறிச் சிலர் இறந்தார்கள், பலருக்குக் கண்புரை வந்தது. 1938-ல் தடை வந்தது. இணையத்தில் இன்றும் அதை விற்கிறார்கள், இன்றும் சாகிறார்கள்.

கொழுப்பு எரிவதில் கிடைக்கும் ஆற்றலால் ஓடும் நானோ இயந்திரம் ஏற்கெனவே நம் செல்லுக்குள் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் வியப்பு. ஏ.டி.பி சின்தேஸ் என்ற புரதம் சுமார் 10 நானோமீட்டர் அகலம், உள்ளே நிஜமாகவே ஒரு சுழலி. அது சுற்றச் சுற்ற, செல்லின் எல்லா வேலைக்கும் எரிபொருளான ஏ.டி.பி உருவாகிறது. அதன் செயல்முறையை விளக்கியதற்காக பாயரும் வாக்கரும் 1997-ல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். அது தேவைக்குத்தான் சுற்றும். அதைச் சுற்றவிடாமல், கொழுப்பின் ஆற்றலை வெறும் சூடாக்க முயன்றதன் விளைவைத்தான் மேலே பார்த்தோம்.

நானோ தொழில்நுட்பம் எடைக்கு உதவவே உதவாதா? உதவலாம். 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உள்ளிட்ட குழு, கொழுப்புத் திசுவை நாடிச் செல்லும் நானோ துகள்களில் மருந்து வைத்து எலிகளுக்குக் கொடுத்தபோது எடை சுமார் 10 சதவீதம் குறைந்தது. பக்கவிளைவுள்ள மருந்தை வேண்டிய இடத்துக்கு மட்டும் கொண்டுபோவதுதான் இதன் பலம். இப்போது பேசப்படும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் ரோபோவும் இல்லை, நானோ துகளும் இல்லை. குடல் ஹார்மோனைப்போல் நடித்துப் பசியைக் குறைப்பவை. அவற்றால் இறங்கும் கொழுப்பும் அதே மூச்சு வழியாகத்தான், மாதக்கணக்கில், போகிறது. டாக்டர் எழுதித் தராமல் போட்டுக்கொள்ளக் கூடாதவை.

‘நானோ’ என்று போட்டு இளைக்கவோ எடை ஏற்றவோ சொல்லி விற்கும் பொடி, சொட்டு மருந்து, தோலில் ஒட்டும் பட்டை எதுவானாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்க்கை, உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம். எடை ஏற்றும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலப்பது பழைய மோசடி. இரண்டே வாரத்தில் பசி எடுக்கும், கன்னம் உப்பும், எடையும் ஏறும். ஆனால் கூடுவது தண்ணீரும் கொழுப்பும்தான்; கை கால் தசை உள்ளே கரைந்துகொண்டிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறும்.

வீட்டில் யாராவது அப்படி ஒரு பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உருண்டையாகி, வயிற்றில் செவ்வூதா வரிகள் விழுந்திருந்தால், பயந்துபோய் அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். காலை 8 மணி வாக்கில் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கணக்கான ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள்.